பேனல் ரூமில் நன்றாகப் பாடிய பெட்டி

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன் நான். பக்கத்து ஷெட்டில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டியவன் என் கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கிட்டார் வாசிப்பான், நன்றாகவே வாசிப்பான். எனக்கு இசை ஞானம் சுத்தமாகக் கிடையாது, வாய் மட்டும் உண்டு. அந்த வாய்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஆரணிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார்காரர் நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டு இவன் போய்க் கேட்டான். வருகிற காதுகுத்து விசேஷத்தில் ஒரு பாட்டு வாசித்துக் காட்டு, சரியாக வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றாராம் குழுக்காரர். அந்தப் பாட்டில் கிட்டார், தொண்டை கட்டினவன் கத்துவது போலக் கரகரவென்று வரவேண்டும். அதற்கென்று ஃபஸ் பெடல் என்று ஒரு பெட்டி உண்டு. கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டித் தரையில் வைத்துக் காலால் அழுத்தினால் சத்தம் மாறும். கடையில் வாங்கப் போனவனைத் தடுத்தது நான்தான்.

"கடையில இன்னாத்துக்குடா? நான் கீறேன் இல்ல?"

காயலான் கடையில் ஒரு செத்த ரேடியோவைப் பிடித்தேன். அதிலிருந்த பழங்காலத்து ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இரண்டுதான் பெட்டிக்கு உயிர். போனில் படம் பார்த்துப் பற்றவைத்து, ஓர் அலுமினிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் அடக்கினேன். என் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாதம் உள்ளே உட்கார்ந்தால் வெந்துவிடுவோம். அதனால் மெஷின்கள் ஓடாத ஒரு விடுமுறை நாளில், செக்யூரிட்டியைத் தாஜா பண்ணி, அவனையும் கிட்டாரையும் எங்கள் பேனல் ரூமுக்குக் கூட்டிப்போனேன். மின் பேனல்கள் சூடாகாமல் இருக்க அங்கே எப்போதும் ஏசி ஓடும். எங்கள் இருவருக்கும் வாய்த்த ஒரே ஏசி ரூம் அதுதான்.

அந்தக் குளிரில் உட்கார்ந்து, பெட்டிக்குள் இருந்த சின்னத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சத்தத்தைச் சரிசெய்தேன். அவன் ஒரு சுரத்தை இழுத்தான். அது அறுபடாமல் நீண்டுகொண்டே போனது.

"டேய், செம்மயா கீதுடா!" என்று என்னைக் கட்டிக்கொண்டான். மறுநாள் ஷெட் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

காதுகுத்து அன்று நல்ல கத்திரி வெயில். உச்சி நேரம், தகரக் கொட்டகை, சாப்பாட்டுப் பந்தி ஒருபக்கம். அவன் பாட்டு வந்தது. பெட்டியை மிதித்தான். முதல் வரி வந்தது, அப்புறம் திக்க ஆரம்பித்தது. நீட்டின சுரமெல்லாம் பாதியில் செத்தது. பயந்துபோய்ப் பெட்டியை அணைத்துவிட்டு வாசித்தான், ஆனால் அதற்குள் தாளம் தவறிவிட்டது. பந்தியில் யாரோ சிரித்தார்கள். குழுக்காரர் அவன் தோளில் தட்டி, அப்புறம் சொல்லி அனுப்புகிறேன் என்றார். சொல்லி அனுப்பவே இல்லை.

கொட்டகைக்குப் பின்னால் அவன் கேட்டான்: "இன்னாடா ஆச்சு?"

எங்கள் ஷெட் ஆட்கள் நான்கைந்து பேர் சுற்றி நின்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவன் கையே கோணல் என்றேன். "பொட்டி நல்லாத்தான் கீது. பிரஸ்ஸு ஓட்டி ஓட்டி உன் கை மரத்துப்போச்சிடா." அவன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தான். பிரஸ் ஓட்டுகிறவனிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. தினமும் விரலுக்குப் பயந்துகொண்டே வேலை செய்கிறவர்கள் அவர்கள்.

பெட்டியை நானே எடுத்து வந்து, மறுநாள் பேனல் ரூமில் அதற்குள் போன் பாட்டை விட்டுப் பார்த்தேன். பெட்டி கணீரென்று பாடியது. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு மதியம் வீட்டில், அந்தக் கூரையின் கீழே வைத்துப் பார்த்தபோது திக்கியது. டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன், கொஞ்ச நேரத்தில் தேறியது. ஃபேனை நிறுத்தினேன், மறுபடி திக்கியது. அந்த ஜெர்மேனியத்துக்குச் சூடு ஆகாது. அதைக் குளிரில் வைத்துத் திருகிவிட்டு வெயிலில் கொண்டுபோய் வைத்தவன் நான்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவன் வீடு சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். அடித்த தம்பட்டம் என் காலைக் கட்டிப்போட்டது. நாளை, நாளை என்று தள்ளினேன். அதற்குள் அவன் கிட்டாரை விற்றுவிட்டான், சர்ச்சிலும் வாசிப்பதை நிறுத்திவிட்டான். அப்புறம் சொல்லி என்ன பிரயோசனம் என்று நானே ஒரு சமாதானம் தேடிக்கொண்டேன். கேவலமான சமாதானம்.

நான்கு வருஷம் கழித்து, போன மாதம், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் இருந்துச்சு."

டீயைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தான்.

"எங்க ஊட்டுக்காரி அப்பவே சொன்னாடா, உன் கைக்கு ஒண்ணும் இல்ல, பொட்டிதான் சரியில்லன்னு. அவளுக்கு இன்னா தெரியும்னு அவளத் திட்டிட்டு, உன்னத்தான் நம்பிக்கினு இருந்தேன்."