மயிலாத்தாள் அக்கா கண் திறக்க நான் கேட்ட ஜெபம்

விபத்தில் என் பையன் ஜோயலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கேட்டதும் சபையில் எல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னீர்கள். நான் மட்டும் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தேன். ஏன் என்று இன்றைக்குத்தான் சொல்லத் தைரியம் வந்திருக்கிறது.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியாது. என் பெயர் எஸ்தர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. போன வருஷம் ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பல்லடத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போக ஒன்றரை வயசு ஜோயலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சம்பள நாள் கூட்டம், மூச்சு விட இடமில்லை. டிரைவருக்குப் பின் சீட்டில் இருந்த ஓர் அக்கா கையை நீட்டினார்.

"குழந்தையக் குடு கண்ணு. கூட்டத்துல நசுங்கிப் போயிரும்."

கொடுத்தேன். முன்பின் தெரியாதவர்தான். நம் ஊர் பஸ்ஸில் யார் இதற்கெல்லாம் யோசிக்கிறோம்?

கொஞ்ச தூரத்தில், துணிக்கட்டு ஏற்றிய பைக் ஒன்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சந்திலிருந்து ரோட்டுக்குப் பாய்ந்தது. டிரைவர் பிரேக் அடித்து ஸ்டீயரிங்கை ஒடித்தார். பைக்கிலும் இடித்து, பஸ் ஒரு புளியமரத்தில் போய் மோதியது. நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். அந்த அக்கா ஜோயலை நெஞ்சோடு அணைத்து அப்படியே கவிழ்ந்துவிட்டார். இரும்புக் கம்பி அவர் தலையைப் பிளந்தது. யாரோ குழந்தையை அவர் கையிலிருந்து பிரித்து ஜன்னல் வழியாக வெளியே கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில்தான் பெயர் தெரிந்தது. மயிலாத்தாள். அவர் வீட்டுக்காரர் பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர். என்னைத் திட்டுவார் என்று பயந்தேன். அவரோ சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "ஆம்புலன்ஸ்ல வரையில, 'குழந்தைய உட்டுட்டனே, குழந்தைய உட்டுட்டனே'ன்னு பொலம்பிட்டே வந்தாளுங்க. அப்பறம் பேச்சே இல்லீங்க."

யாரோ பிரித்து எடுத்தது அக்காவுக்குத் தெரியவில்லை. குழந்தை தன் கையிலிருந்து விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே மயங்கியிருக்கிறார்.

முதலில் அவர் உயிரைக் கேட்டுத்தான் ஜெபித்தேன். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு ஆண்டவரோடு சண்டையே போட்டேன். "இயேசப்பா, உயிரைத் தரமாட்டீர் என்றால் ஒரு தடவையாவது கண் முழிக்க விடும். என் பிள்ளையை அவர் பார்க்கட்டும். இந்தப் பாரத்தோடு அவரை அனுப்பிவிடாதேயும்." வேலைக்குப் போகவில்லை. சோறு இறங்கவில்லை. ஜோயலை மடியில் போட்டுக்கொண்டு ஐசியூ வாசலிலேயே கிடந்தேன்.

ஒரு நாள் காலையில் நர்ஸ் ஓடி வந்தார். "எஸ்தர், கண்ணு முழிச்சுட்டாங்க. குழந்தையத் தூக்கிட்டு வாங்க, சீக்கிரம்." குழந்தைகளை உள்ளே விடவே மாட்டார்கள். அன்று விட்டார்கள்.

ஜோயலை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். "அக்கா, நீங்க விடவே இல்லக்கா. பாருங்க, அவனுக்கு ஒண்ணும் ஆகல."

வெகுநேரம் பார்த்தார். அவன் பாதத்தைத் தொட்டார். "நல்லா இருக்கயா சாமி?" என்று உதடு மட்டும் அசைந்தது. கண்ணோரம் நீர் வழிந்தது. அவர் வீட்டுக்காரர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதார்.

மறுநாள் மயிலாத்தாள் அக்கா போய்விட்டார்.

நான் கேட்ட உயிரைக் கர்த்தர் தரவில்லை. ஏன் என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்ட இன்னொன்றைத் தந்தார். அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. கால் உடைந்து பிழைத்த அந்த பைக் ஓட்டினவனுக்காகவும் இப்போது ஜெபிக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. முன்பெல்லாம் என் வீடு, என் பிள்ளை என்பதைத் தாண்டி நான் ஜெபித்ததே கிடையாது.

பாதி பதிலோடு அழுகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். வாயை மூடிக்கொள்ளாதீர்கள். அழுதபடியே கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். அவர் காது கொடுக்கிறார், நான் கண்ணால் கண்டேன்.

ஒன்றே ஒன்று. ஜோயலைக் கர்த்தர் காப்பாற்றினார் என்று இனிமேல் யாருக்காவது சொன்னால், மயிலாத்தாளின் கையால் காப்பாற்றினார் என்று முழுசாகச் சொல்லுங்கள்.