வளையத்தின் கீழே ஒரு கார்

வெயிலில் காயும் மஞ்சள் பெயின்ட்டின் வாசனை. சாலையோரம் எங்காவது அது மூக்கில் ஏறினால் போதும், என் கை தானாகக் கழுத்தில் விசிலைத் தேடும். சண்டைக்குப் பழகிய கை.

1. மஞ்சள் கோடு

தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளி. அங்கே இருபத்திரண்டு வருடம் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நான்தான் கோச். பெரும்பாலும் மாவட்டப் போட்டியின் முதல் சுற்றிலேயே வீடு திரும்பும் அணி. தோற்றுவிட்டு பஸ்ஸில் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு வரும் பிள்ளைகள். எங்களிடம் இருந்தது ஒரு சிமெண்ட் கோர்ட், இரண்டு வளையம், ஓயாத கடற்காற்று.

ஒரு பள்ளி விடுமுறை முடிந்து வந்தேன். கோர்ட் முழுக்க மஞ்சள் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு நம்பர். கார் நிறுத்துமிடம்! ஒரு வளையத்தைக் காணோம். மற்றதன் தூண் சிமெண்டுக்குள் ஆழமாய்ப் புதைந்திருந்ததால் பிடுங்க முடியாமல் விட்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழே ஒன்றாம் நம்பர் லாட். அதில் முதல்வர் குணசீலன் சாரின் வெள்ளைக் கார்.

"ஆசிரியருங்க வெளிய ஜாலான் ஓரத்துல காரை நிறுத்தி போலீஸ் சம்மன் வாங்குறாங்க, ஸ்டெல்லா டீச்சர். நான் என்னதான் பண்றது?" என்றார் அவர்.

"பிள்ளைங்க எங்க விளையாடுறது சார்?"

"செஸ் இருக்கு, கேரம் இருக்கு. எல்லாம் கேம்ஸ்தான்லா."

"கேரம் போர்டுல ஓடிவந்து எகிறி லே-அப் போட முடியாது சார்."

"கோவப்படாதீங்க. மொதல்ல எதையாச்சும் ஜெயிச்சிட்டு வாங்க. அப்புறம் கோர்ட் பத்திப் பேசலாம்."

அந்த வார்த்தையை நம்பினேன். என் தொழிலில் நான் செய்த பெரிய தவறு அதுதான்.

2. கண்ணாடிகளுக்கு நடுவே

மதிய வகுப்பு ஆசிரியர்களின் கார்கள் மாலைவரை நகராது. நாங்களும் நகரவில்லை. கார்களுக்கு நடுவிலேயே பயிற்சி. ஒரே ஒரு சட்டம் வைத்தேன்: யாருடைய பந்து காரில் படுகிறதோ, அவள் அந்தக் காரைக் கழுவ வேண்டும். முதல் வாரம் ஒன்பது கார் கழுவினோம்.

"டீச்சர், இது பாஸ்கெட்பால் டீமா, கார் வாஷ் கடையா?" என்றாள் கேப்டன் தர்ஷினி.

"கழுவுடி. கை பலமாகும்."

பிறகு கழுவ வேண்டிய கார்கள் குறைந்தன. பிள்ளைகளின் பார்வை பந்தை விட்டு நிமிர்ந்தது. பக்கக் கண்ணாடிகளுக்கு இடையே முழங்காலுக்கு மேல் எழாமல் பந்து ஓடியது, பூனை போல. வலைக்குள் போன பந்தோ போகாத பந்தோ, முதல்வர் காரின் பானெட்டில் விழுமுன் ஒரு கை பிடித்தாக வேண்டும். ரிபவுண்டை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வெள்ளைக் கார் சொல்லிக்கொடுத்தது.

ஆட்டத் திட்டங்களுக்கும் லாட் நம்பரே பெயர். "ஏழு" என்றால் இடது மூலைக்குப் பாஸ். "ஒண்ணு" என்றால் எல்லோரும் வளையத்தின் கீழே. பந்து தரையைத் தொடக் கூடாது.

3. இறுதி ஆட்டம்

அந்த வருடம் மாவட்ட இறுதி ஆட்டம்வரை போனோம். எதிரணிப் பிள்ளைகள் எங்களைவிட ஒரு தலை உயரம். தர்ஷினி "ஒண்ணு! ஒண்ணு!" என்று கத்தக் கத்த, அந்த உயரமான கைகளுக்கு நடுவிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டே இருந்தோம். ஆனால் எங்கள் கால்கள் முழுக் கோர்ட் ஓடிப் பழகாதவை. கடைசி நிமிடங்களில் அவர்கள் ஃபாஸ்ட் பிரேக்கில் பறந்தார்கள். எங்களால் திரும்பி ஓட முடியவில்லை. மூன்று பாயிண்டில் தோற்றோம்.

ஆட்டம் பார்க்க வந்திருந்த குணசீலன் சார் கைதட்டிக்கொண்டே வந்தார். "அது என்ன டீச்சர், ஒண்ணு ஒண்ணுன்னு கத்துறாங்க?"

"உங்க கார் நிக்கிற எடம் சார்."

விழுந்து விழுந்து சிரித்தார். "பார்த்தீங்களா? கோர்ட் இல்லாமலே ஃபைனல் வந்துட்டீங்க. இனி கோர்ட் எதுக்கு?"

கோச்சாக வரும் இளையவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஜெயித்துவிட்டுக் கேள் என்பார்கள். கேட்காதீர்கள் அந்தப் பேச்சை. உங்கள் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதைத் தோற்றுக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள். இல்லாமலே சமாளித்துக் காட்டினால், இல்லாமையே உங்கள் பங்கு என்று எழுதிவிடுவார்கள்.

4. வெள்ளைக் கோடு

சூலியா தெருப் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஒரு டின் வெள்ளைப் பெயின்ட் வாங்கினேன். சனிக்கிழமை காலை, காலிக் கோர்ட்டில் முட்டி போட்டு, மஞ்சளுக்கு மேலேயே ஃப்ரீ த்ரோ கோடு, எல்லைக் கோடு, நடு வட்டம் எல்லாம் இழுத்தேன். பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. மாட்டினால் நான் மட்டும் மாட்ட வேண்டும்.

திங்கள்கிழமை குணசீலன் சார் கொதித்தார். "யாரைக் கேட்டு அடிச்சீங்க?"

"மஞ்சள் யாரைக் கேட்டு அடிச்சீங்க சார்?"

சில வாரங்களில் மாற்றல் கடிதம் வந்தது. கடல் தாண்டி தாசேக் கெலுகோர் பக்கம், தோட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளி. ஆனால் அந்த வாரங்களில் இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் பயிற்சி தொடங்கும் மூன்று மணிக்கு வேதியியல் டீச்சர், யாரும் சொல்லாமலே, தன் காரை வெளியே எடுத்து ஜாலானில் நிறுத்தினார். மறுநாள் இன்னும் இருவர். என் கடைசி நாளில் கோர்ட்டில் மிச்சம் நின்றது ஒரே ஒரு கார்தான், ஒன்றாம் நம்பரில். இரண்டாவது வளையம் இல்லை. ஆனால் ஓடுவதற்கு முழு நீளம் இருந்தது. பிள்ளைகள் ஓடினார்கள்.

கேட்வரை தர்ஷினி கூட வந்தாள், பந்தை இடுப்பில் இடுக்கியபடி.

"டீச்சர், விசிலயாச்சும் விட்டுட்டுப் போங்களேன்."

"மாட்டேன். அங்க வேணும்."

"அங்க கோர்ட் இருக்கா?"

"கார் நிறுத்துற எடம் இருக்கும்ல? ஒரு டின் வெள்ளைப் பெயின்ட் போதும்டி."