கலாவதி கூடாரம் அடித்த இடம்

கலாவதியோடு ஒரு நாள் வேலை செய்தால் தலையிடி வரும். பல வருஷம் வேலை செய்தால் அது பழகிப்போகும். சுவிஸின் எம்மன்புரூக்கே நகரில் ஹோட்டல் படுக்கை விரிப்புகள் தோய்க்கிற பெரிய சலவைக்கூடம் ஒன்றில் நானும் அவளும் ஒரே இயந்திரத்தில் நிற்கிறோம். ஒரு நுனியை நான் பிடிக்க மறு நுனியை அவள் பிடிப்பாள். விரிப்பு உள்ளே போய்ச் சுருக்கம் போக மினுக்குப்பட்டு மறுபக்கத்தால் வரும். அந்த நேரம் முழுக்க அவளுடைய வாய் ஓயாது. அரசாங்கம், காலநிலை, என் சமையல், எதுவும் தப்பாது.

புதிதாக வந்த மேற்பார்வையாளனுக்கு தம்பித்துரை என்ற அவளுடைய குடும்பப்பெயர் நாக்கில் புரளவில்லை. "ஃப்ராவ் தம்பி", அதாவது திருமதி தம்பி, என்று கூப்பிட்டான். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் திரும்பியே பார்க்கவில்லை. விரிப்புகள் சிக்கிக் குவிகின்றன, அவன் கத்துகிறான், இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கடைசியில் அவன் பெயரைத் துண்டு துண்டாக உடைத்து முழுவதும் சொல்லிப் பழகினான். "அவன்ர பேரை நான் சொல்லப் பழகினனான்தானே. அவனுக்கு மட்டும் என்ன நோகுதோ?" என்றாள் என்னிடம்.

இவ்வளவு வாய் உள்ளவளிடம் இருப்பது எஃப் அட்டை. அகதி என்று ஏற்றுக்கொள்ளவும் மாட்டார்கள், திருப்பி அனுப்பவும் மாட்டார்கள். தற்காலிகமாக இருந்துவிட்டுப் போ என்று தருகிற அட்டை அது. கலாவதியின் தற்காலிகம் பதின்மூன்று வருஷமாக நடக்கிறது. வேலை செய்யலாம், வரி கட்டலாம். அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு ஓரடி வெளியே வைக்க முடியாது. அந்த அனுமதியும் லேசில் கிடைக்காது.

பாரிஸில் அவளுடைய தங்கை மகளுக்குக் கலியாணம் நடந்தது. அவள் கேட்ட அனுமதி கிடைக்கவில்லை. "காரில வாங்கோ அக்கா, ஒருத்தரும் மறிக்க மாட்டாங்கள்" என்று தங்கை அழுதாள். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் அப்படிப் போய் வந்திருக்கிறார்கள். கலாவதி போகவில்லை. பட்டுச்சேலை உடுத்து, பூவும் வைத்து, என் வீட்டுச் சோபாவில் இருந்து தாலி கட்டுவதைப் போனில் பார்த்தாள். அதற்குப் பிறகு ஊரார் அவளுக்கு அப்புக்காத்து என்று பட்டம் வைத்துவிட்டார்கள். சட்டம் கதைக்கிறவளாம்.

எங்களுக்கு ஒரு நடைக்குழு இருக்கிறது. சீனியும் பிரஷரும் வந்த பிறகு டொக்டரின் ஏச்சுக்குப் பயந்து தொடங்கியது. அதை நடத்துகிறவன் சிந்துஜன். இங்கேயே பிறந்து வளர்ந்த பொடியன், மின்சார வேலை செய்கிறான், மலை என்றால் பைத்தியம். கோடையில் ஒரு நாள் போனில் ஒரு படம் காட்டினான். மலைக் கணவாய் ஒன்றில் ஒரு பழைய கற்கோபுரம். ரோமர் காலத்திலிருந்தே காவலுக்கு நின்ற இடமாம். கூரை போய்விட்டது, சுவர் நிற்கிறது, உள்ளே புல். அதற்குள்ளேயே கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கலாம் என்றான். கோபுரத்தைப் பார்த்துக்கொள்கிற ஊர்ச்சபையிடம் கேட்டு அனுமதியும் எடுத்திருந்தான்.

நாங்கள் இழுத்தோம். இடுப்பும் நாரியும் பிடிக்கும், கழிப்பறை இல்லை, குளிர். கலாவதிதான் முதல் ஆளாக வருகிறேன் என்றாள். "உனக்கென்ன விசரோ?" என்று நான் கேட்டேன்.

"சண்டை நேரம் வன்னியில தறப்பாள் கூடாரத்துக்குக் கீழ கிடந்தனான். இஞ்ச வரேக்க காட்டுக்குள்ள கிடந்தனான். எல்லாம் ஆரோ கலைச்சுக் கிடந்ததடி பிரபா. நானா ஆசைப்பட்டு வெளியில படுக்கப் போறது இதுதான் முதல்தரம்" என்றாள்.

அவள் கூடாரம் ஒன்று வாங்கி, தன் ஒற்றை அறை வீட்டில் கட்டிலுக்கும் குசினிக்கும் நடுவில் விரித்துப் பழகினாள். ஒரு கிழமை அதற்குள்ளேயே படுத்தாளாம். மேல் வீட்டுக்காரிக்குக்கூட அந்தக் கோபுரத்தின் படத்தைக் காட்டியிருக்கிறாள்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். முதலில் ரெயில், பிறகு மலையூர்களுக்குப் போகிற மஞ்சள் தபால் பேருந்து, பிறகு கால். எங்கள் குழு நடந்தால் மலைக்கே மணக்கும்: புட்டு, கட்டுச்சம்பல், ரோல்ஸ். முன்னுக்கு சிந்துஜன், அவனுக்குப் பின்னால் கலாவதி. ஜெகதீஸ்வரன் அண்ணை நடுவில் வந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர், சுவிஸ் குடியுரிமை எடுத்தவர், அதை எடுத்த நாளிலிருந்து எல்லாம் தெரிந்தவர். மூச்சு வாங்கிக்கொண்டும் பாடம் எடுத்துக்கொண்டு வந்தார்.

கணவாய் தெரிகிற இடத்துக்கு ஏறினோம். ஒன்றன்பின் ஒன்றாக எல்லோருடைய போனும் சத்தம் போட்டது.

கலாவதி நின்றாள். "ஏன்ரா தம்பி எல்லாற்ற போனும் கத்துது?"

"அது இத்தாலி நெட்வேர்க் அன்ரி. வெல்கம் சொல்லுது" என்றான் சிந்துஜன் சிரித்துக்கொண்டு.

"இத்தாலியோ? அப்ப கோபுரம் எங்க நிக்குது?"

அவன் கையை நீட்டினான். புல்மேட்டில் ஓர் எல்லைக்கல் நின்றது, ஒரு பக்கம் சுவிஸுக்கு எஸ், மறுபக்கம் இத்தாலிக்கு ஐ என்று வெட்டியிருந்தது. அதற்கு அங்கால, சற்றுக் கீழே, படத்தில் பார்த்த கோபுரம். நீட்டிய கை அப்படியே நிற்க, அவனுடைய முகம் மாறிப்போயிற்று. அவனைக் குற்றம் சொல்லி என்ன? எல்லை என்றால் போன் சத்தம் போடும் என்பதைத் தவிர அவன் வேறொன்றும் அறியாமல் வளர்ந்த பிள்ளை. நாங்கள் பெரியவர்கள், கோபுரம் எந்த நாட்டில் நிற்கிறது என்று கேட்க எங்களுக்காவது அவளுடைய அட்டை நினைவு வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை.

கலாவதி எல்லைக்கல் வரை நடந்து போய் நின்றாள்.

ஜெகதீஸ்வரன் அண்ணை தொடங்கினார். "பிள்ளை, உதில ஆர் நிண்டு பாக்கிறது? மாடுதான் பாக்கும். கண்ணை மூடிக்கொண்டு வாரும். விடியத் திரும்பியிடலாம்."

"மாட்டை விடுங்கோ அண்ணை. எனக்குத் தெரியுமெல்லே."

"உமக்குத் தெரிஞ்சா என்ன? நீரே உம்மைப் பிடிச்சுக் குடுக்கப் போறீரோ?"

சிலர் சிரித்தார்கள். வேறு சிலர், இவ்வளவு தூரம் ஏறி வந்துவிட்டு இதென்ன அடம், வா கலா, ஒரு ராத்திரிதானே என்று பரிவாகக் கூப்பிட்டார்கள். அந்தப் பரிவுதான் அவளைக் கிளப்பிவிட்டது.

"நான் இந்த நாட்டுக்கு ஒளிச்சுத்தான் வந்தனான்" என்றாள். "லொறிக்குள்ள, தக்காளிப் பெட்டியளுக்குப் பின்னால. இருமினா எல்லாரும் பிடிபடுவியள் எண்டு ஏஜென்சிக்காரன் சொல்ல, சீலையை வாய்க்குள்ள அடைஞ்சுகொண்டு வந்தனான். அண்டைக்கு உயிருக்காக ஒளிச்சன். இனி ஒருத்தருக்கும் ஒளிக்க மாட்டன். என்ர தங்கச்சின்ர பிள்ளையின்ர கலியாணத்துக்கே ஒளிச்சுப் போகேல்லை. உந்தக் கல்லைப் பாக்கவோ ஒளிச்சுப் போவன்? போனால் அட்டையைக் காட்டி வாசலால போவன்."

"பயம் எண்டு சொல்லும்" என்றார் அண்ணை.

"ஓம், பயம்தான். வதிவிட அனுமதி தாற பி அட்டைக்குக் கேட்டிருக்கிறன், அது கிடைச்சா எங்கயும் போய்வரலாம். இந்த நேரம் அங்கால பிடிபட்டால் பதின்மூண்டு வருசமும் போச்சு. பயம் இல்லையெண்டு நான் சொன்னனானே? பயம் இல்லாட்டியும் போகமாட்டன். அதைத்தான் சொல்லுறன்."

சிந்துஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சொறி அன்ரி. நான் யோசிக்கேல்லை. நாங்கள் எல்லாருமாத் திரும்புவம்."

"நான் திரும்பப் போறன் எண்டு எப்பயடா சொன்னனான்?"

பையை இறக்கினாள். எல்லைக்கல்லின் இந்தப் பக்கத்தில், சுவிஸ் புல்லில், கூடாரத்தை உதறி விரித்தாள். வீட்டில் பழகிய கை, மளமளவென்று எழுப்பிவிட்டாள். நாங்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன பாக்கிறியள்? போங்கோ. போய்ச் சந்தோசமாப் படுங்கோ. எனக்காக ஒருத்தரும் நிண்டு மூக்கைச் சீறத் தேவையில்லை. இதென்ன செத்தவீடோ?"

மெல்ல மெல்ல எல்லோரும் கோபுரத்துக்கு இறங்கினார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணையின் மேல், அந்தக் கல்லின் மேல், இப்படிப் பிடிவாதம் பிடித்து என் இரவையும் கெடுக்கிற இவள் மேல். நான் போகவில்லை.

"உனக்கென்ன?" என்றாள்.

"முழங்கால் நோகுது."

"பொய். ஏறேக்க நோகேல்லை."

"உன்னில இருக்கிற அன்பில நிக்கிறன் எண்டு நினையாதை. கட்டுச்சம்பல் உன்ர பைக்குள்ள கிடக்கு" என்றேன்.

எனக்கும் இடம் விட்டுத் தன் பையைக் கூடாரத்தின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

பின்னேர வெயிலில் புட்டைச் சாப்பிட்டுக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தபடி இருந்தோம். சுவரில் செடி முளைத்திருந்ததுகூடத் தெரிந்தது. எங்கள் ஆட்கள் உள்ளே பாட்டுப் பாடுவதும் கேட்டது. இத்தாலியிலிருந்து ஒரு மாடு மணியை ஆட்டிக்கொண்டு எல்லையைக் கடந்து வந்து எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் மேய்ந்தது. "பார், உவவுக்கு ஒரு அட்டையும் தேவையில்லை" என்றாள் கலாவதி. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஆசையாத்தான் கிடக்கு பிரபா" என்றாள் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு. "அதுக்குள்ள ஒருக்காப் படுத்து மேல பாக்கவேணும் போல கிடக்கு."

இவ்வளவு காலத்தில் அவள் எதையாவது வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவள் கேட்பதெல்லாம் சண்டையாகத்தான் வரும்.

"இப்ப ஒருத்தரும் இல்லை" என்றேன். "ஓடிப்போய்ப் பாத்திட்டு ஓடி வருவமே?"

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடு."

அன்றைக்கு அவள் குறட்டை விட்டுத் தூங்கினாள். எனக்குத்தான் நாரி பிடித்துக்கொண்டது.

காலையில் கோபுரத்துக்காரர்கள் ஏறி வந்தார்கள். தலையில் புல்லும் முகத்தில் நித்திரையுமாக வந்தவர்கள் அவளைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். எப்படி இருந்தது என்று அவளே கேட்டாள். பரவாயில்லை என்று முணுமுணுத்தார்கள். "பரவாயில்லையோ? நான் போயிருந்தா இண்டைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பன்" என்று ஏசினாள். பிறகுதான் சிந்துஜன் வாய் திறந்து, உள்ளே படுத்தால் சுவர்களுக்கு நடுவில் வானம் வட்டமாகத் தெரிந்தது என்று சொன்னான். அவள் கவனமாகக் கேட்டாள்.

கடைசியாக வந்தவர் ஜெகதீஸ்வரன் அண்ணை. நேரே அவளிடம் வந்து, முகம் துடைக்கிற லேஞ்சியில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து அவளுடைய கையில் வைத்தார். கோபுரத்திலிருந்து பெயர்ந்த ஒரு துண்டுக் கல். மனுசன் உண்மையாகத்தான் செய்தார்; அவர் குரல் அப்படித் தழுதழுத்து நான் கேட்டதில்லை. "நேற்று நான் அப்பிடிக் கதைச்சிருக்கக்கூடாது பிள்ளை. இரவு மனம் கேக்கேல்லை. உமக்குக் கொண்டுவந்தனான்" என்றார்.

கலாவதி கல்லைப் புரட்டிப் பார்த்தாள். பெருவிரலால் தடவினாள். ஒரு பக்கத்தில் பழைய சாந்து ஒட்டியிருந்தது. அழப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சிலர் அதற்கு ஆயத்தமாகவும் நின்றார்கள்.

கல்லைத் திரும்ப லேஞ்சியில் சுற்றி அவரிடமே நீட்டினாள். "கொண்டுபோய் எடுத்த இடத்தில வையுங்கோ அண்ணை."

"ஏன் பிள்ளை? சின்னத் துண்டுதானே."

"நான் வாசலால வந்து பாக்கேக்க அந்தக் கோபுரத்தில ஒரு கல்லும் குறையக்கூடாது."

அண்ணை எங்கள் முகங்களைப் பார்த்தார். பையைக் கழற்றி வைத்துவிட்டு, லேஞ்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லைக்கல்லைத் தாண்டித் திரும்ப இறங்கினார். கலாவதி கல்லின் இந்தப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்த இடத்தில அண்ணை!" என்று கத்தினாள். "சும்மா எறிஞ்சிட்டு வராதேங்கோ, நான் இஞ்ச நிண்டு பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்!"