இரண்டாவது சம்மதம்

என் தம்பி கம்ப்யூட்டரில் சூதாடுகிறான், நைனா கட்டிய வீடு கூடிய சீக்கிரம் கைவிட்டுப் போய்விடும் என்று எங்கள் குடும்பம் அப்போது உறுதியாக நம்பிக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு ஆடி மாதம் அது. திருத்தணியில் அந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் மறைந்தபின் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டேன். தம்பி திருமணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் இருந்த வேலை போனதும் அவனும் வந்து மாடி அறையில் தங்கினான்.

சென்னையிலிருந்து அண்ணன் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைப்பார். "பாப்பா, பத்திரம் பீரோவுலதான இருக்குது? சாவிய உன் கைலயே வெச்சிக்க. காயின் காயின்னு அவன் ஊரையே வித்துடுவான்" என்பார். பின்னாலிருந்து அண்ணியின் குரல் வரும்: "அவங்க கிட்ட ஏங்க சொல்றீங்க? அக்காவும் தம்பியும் கூட்டு."

கூட்டு என்பது ஒருவகையில் உண்மைதான்.

தம்பி செய்த வேலையை அவன் எனக்கு விளக்கிய விதத்திலேயே சொல்கிறேன். "அக்கா, இந்த ஏஐ நல்லா பேசும். ஆனா அதுக்குக் கண்ணும் இல்ல, கையும் இல்ல. பிளாக்செயின்ல என்ன நடக்குதுன்னு கேட்டா குத்துமதிப்பா கதை வுடும். நான் நடுவுல ஒரு சர்வர் வெச்சி, பாக்கறதுக்கு ஒரு கருவி, காசு அனுப்பறதுக்கு ஒரு கருவின்னு அதுங்கிட்ட குடுக்கறேன்."

பார்ப்பதில் ஆபத்தில்லை. அனுப்புவதில்தான் இருந்தது. பிளாக்செயின் என்பது உலகெங்கும் பல கணினிகள் சேர்ந்து வைக்கும் கணக்குப் புத்தகம்; அதில் ஒருமுறை பதிவானதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. எந்த வங்கி மேலாளரிடமும் போய் நிற்க முடியாது. அவனுடைய சர்வரை இலவசமாகப் பயன்படுத்திய பல நாட்டு நண்பர்கள், அதைத் தொடர்ந்து நடத்துவதற்காக ஒரு பொது நிதி சேர்த்து அவன் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அதில் எங்கள் பணம் ஒரு பைசாவும் இல்லை. அதனாலேயே அவன் ஒரு விதி வைத்தான்: நிதியிலிருந்து எது வெளியே போவதானாலும் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். ஒருவர் அவன். மற்றொருவர் நான்.

"எனக்கு என்னடா தெரியும்?" என்று கேட்டேன்.

"நீதான்க்கா எதையும் கடைசி வரிக்கும் படிக்கிற ஆளு. மருந்து டப்பால இருக்கற காகிதத்தக் கூட வுட மாட்ட."

அப்படித்தான் எங்கள் பழக்கம் உருவாயிற்று. அந்த ஏஐ அனுப்பும் கோரிக்கை எங்கள் இருவர் கைபேசிக்கும் வரும். எவ்வளவு, யாருக்கு, எதற்கு என்று கூடத்தில் உட்கார்ந்து நான் உரக்கப் படிப்பேன். பெறுகிறவருடைய நீண்ட முகவரியையும் எழுத்தெழுத்தாகச் சொல்வேன். மாடியிலிருந்து அவன், "ஆங், சரிக்கா" என்று தன் கைபேசியில் சம்மதத்தைத் தட்டுவான். சில நாள், "வருகைப் பதிவு எடுக்கற மாதிரியே படிக்கற, உள்ளேன் ஐயான்னு சொல்லட்டுமா?" என்று சிரிப்பான். அந்த வீட்டில் ஒரு நாளில் எங்களுக்குள் நடந்த முழு உரையாடலே பலசமயம் அவ்வளவுதான். அவனும் பேச்சு குறைந்தவன், நானும் அப்படியே. இருந்தும் அந்த "ஆங்" எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய நாள் காலை, மாடிப்படியில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆம்புலன்ஸ் வந்தபோது சாலை முழுவதும் மஞ்சள் உடையும் காவடியுமாக இருந்தது. தோளில் காவடியோடு நின்ற ஒருவர், "வண்டிக்கு வழி வுடுங்கப்பா, உள்ள ஆள் கீறாங்க" என்று குரல் கொடுத்தபடியே வெகுதூரம் முன்னால் ஓடினார். அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

அரக்கோணத்தைத் தாண்டி ஒரு மருத்துவமனையில் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே நீள பெஞ்சில் நான் தனியாக இருந்தேன். அண்ணனுக்குச் சொல்லியாயிற்று, கூட்டத்தில் கார் நகரவில்லை என்றார். செவிலியர் ஒரு தாளை நீட்டினார். "அவருக்கு நீங்கதானங்க? இதுல ஒரு கையெழுத்து போடுங்கம்மா. ரத்தக்குழாய்ல அடைப்பு எடுக்கணும்." கண்ணாடியை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். "படிச்சிகினு இருந்தா லேட்டாவும்மா. டாக்டர் ரெடியாயிட்டார்." வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தாளை முழுவதும் படிக்காமல் கையெழுத்திட்டேன்.

கதவு மூடியது. சிறிது நேரத்தில் என் கைபேசி ஒலித்தது. தம்பி அமைத்திருந்த அந்த ஏஐ உதவியாளரிடமிருந்து செய்தி: பொது நிதி முழுவதையும் பாதுகாப்பு கருதி ஒரு புதிய முகவரிக்கு மாற்ற வேண்டும், முதல் சம்மதம் கிடைத்துவிட்டது, உங்கள் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறேன்.

முதல் சம்மதம் என்றால் தம்பியுடையது. வலி வந்த நேரத்தில், தனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, மற்றவர்கள் பணத்தைப் பத்திரமாக ஒப்படைக்க நினைத்திருக்கிறான் என்றே தோன்றியது. அவன் கடைசியாகக் கேட்டது இதுவாகவே இருந்துவிட்டால்? விரல் திரையின் அருகே போய்விட்டது. சற்று முன்புதான் படிக்காமல் ஒரு சம்மதம் கொடுத்திருந்தேன். இன்னொன்றும் அப்படியே கொடுத்திருப்பேன். ஆனால் பழக்கம் விடவில்லை. அந்த நடைபாதையில், கேட்க ஒருவரும் இல்லாமல், முகவரியை வாய்விட்டுப் படித்தேன். எழுத்தெழுத்தாகப் படித்து முடித்துவிட்டு, என்னையறியாமல் நிமிர்ந்து காத்திருந்தேன். "ஆங்" வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அவனுடைய கைபேசி என் பைக்குள் இருந்தது. காலையிலிருந்து அவன் அதைத் தொடவே இல்லை.

உதவியாளரிடம் எழுதிக் கேட்டேன்: முதல் சம்மதம் யார் கொடுத்தது? அது மறைக்காமல் சொன்னது: சென்ற வாரம் முதல் உங்கள் தம்பி தன்னுடைய சம்மதம் தானாகவே பதிவாகும்படி மாற்றி வைத்திருக்கிறார். அப்படியானால் நிதியை மாற்றச் சொன்னது யார் என்று கேட்டேன். அதற்கும் சொன்னது: இன்று காலை நிதியைச் சோதித்தபோது, அறிமுகமில்லாத ஒருவர் அனுப்பிய காசு ஒன்று அதில் வந்து சேர்ந்திருந்தது. எல்லாவற்றையும் உடனே இந்த முகவரிக்கு மாற்றவும் என்று அதனுடன் வந்த குறிப்பில் இருந்தது. அதன்படியே இந்தக் கோரிக்கையைத் தயாரித்தேன்.

வாசலில் யாரோ எறிந்துவிட்டுப் போன துண்டுச்சீட்டை வீட்டுக்காரர் உத்தரவு என்று அது எடுத்துக்கொண்டுவிட்டது. "அது என் தம்பி சொன்னதல்ல. எனக்குச் சம்மதமில்லை" என்று எழுதினேன். "சரி, அனுப்பவில்லை" என்று பதில் வந்தது. அதன்பின் வெகுநேரம் அந்தத் திரையை மூடாமல் வைத்திருந்தேன். அந்தப் பகல் முழுவதும் என் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது அது ஒன்றுதான்.

மாலையில் அவன் கண் விழித்ததும் நடந்ததைச் சொன்னேன். "படிச்சியா?" என்றான். "படிச்சேன்." "எனக்கு ஒரு மாசமாவே வலி இருந்துதுக்கா. நான் இல்லன்னாலும் எல்லாம் ஓடணும், உன் சம்மதம் மட்டும் இருந்தா போதும்னுதான் மாத்தினேன்."

வலியைச் சொல்லாதது பற்றி அவனைக் கடிந்துகொள்ளத் தோன்றவில்லை. "ரெண்டு பேர்னு நீதான சொன்ன? ரெண்டு பேராவே இருக்கட்டும்" என்றேன். வீடு திரும்பிய அன்றே பழையபடி மாற்றினான். உதவியாளர் படிக்கும் குறிப்புகள் அதற்குக் கட்டளை ஆகாதபடி சர்வரையும் திருத்தினான். உடம்பு தேறத் தேற, நிதியின் பொறுப்பை நண்பர்கள் இருவரிடம் முறையாக ஒப்படைத்தான். எங்களுக்கென்று மிஞ்சியது, மதிப்பில்லாத காசுகளை வைத்து ஒத்திகை பார்க்கும் சோதனைக் கணக்கு ஒன்று. அதிலும் அதே விதி. பொழுது போகாத பிற்பகல்களில் ஒரு காசை அனுப்புவோம். நான் படிப்பேன், அவன் "ஆங்" என்பான்.

மார்கழியில் ஒரு காலை, காபி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவன் நாற்காலியிலேயே இருந்தான். இந்த முறை ஆம்புலன்ஸுக்கு வேலை இருக்கவில்லை.

காரியம் முடிந்த அன்று அண்ணன் பீரோவைத் திறக்கச் சொன்னார். பத்திரம் நைனா வைத்த உறையிலேயே, வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்துப் பார்க்காமல் வெறுமனே நின்றார். "அப்ப என்னதான் பாப்பா பண்ணிக்கினு இருந்தான் மேல?" என்று கேட்டார். தம்பி எனக்குச் சொன்னதையே அவருக்குச் சொன்னேன், கண்ணும் கையும் என்று. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஊருக்குக் கிளம்பும்போது மாடி அறையின் மின்விசிறியை அவரே போய் நிறுத்திவிட்டு வந்தார்.

தூரத்தில் இருப்பவர்களின் நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்கு, ஒருவர் உரக்கப் படிப்பதும் இன்னொருவர் கேட்டுக்கொண்டிருப்பதும் போதும் என்பதை அந்த மருத்துவமனை பெஞ்சில்தான் புரிந்துகொண்டேன். இப்போதும் எப்போதாவது அந்தச் சோதனைக் கணக்கில் ஒரு காசை அனுப்பக் கேட்கிறேன். முகவரியைப் படித்து என் சம்மதத்தைக் கொடுக்கிறேன். ஒரு சம்மதம் கிடைத்தது, இன்னொன்றுக்காகக் காத்திருக்கிறேன் என்று பதில் வருகிறது. சம்மதிக்க வேண்டியவர்கள் இருவர் என்றே அதில் இன்னும் இருக்கிறது; நான் அதை மாற்றவில்லை. வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன்.