இருபத்து நான்கு நிமிடம் ஓடிய இசைத்தட்டு

வெள்ளிக்கிழமை அதிகாலை ஐந்தே முக்காலுக்குக் கொழும்புக் கோட்டையிலிருந்து வடக்கே புறப்பட்ட ரெயிலில், இரண்டாம் வகுப்பில், எனக்குச் சன்னலோர இருக்கை கிடைத்தது. பயணப் பையைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டேன். மடியிலிருந்த அட்டைப் பெட்டியை மட்டும் ஏற்ற மனம் வரவில்லை. ஓர் அடிக்குச் சற்றுக் கூடிய சதுரம், இரண்டு விரல் உயரம். அதற்குள் பழைய நூற்சேலையில் சுற்றிய ஒரேயொரு ஜாஸ் இசைத்தட்டு. ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் தூரமும் அது என் மடியிலேயே வந்தது.

ஜாஸ் தட்டுகள் சேர்ப்பவர்களாக எங்களில் ஐந்து பேர் இருக்கிறோம். எங்களுக்குள் ஒரு குறிப்புக் கொப்பி தபாலில் வீடு வீடாகச் சுற்றும். ஒருவர் தமக்குப் பிடித்த தட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பரிந்துரைப்பார். அதை எந்த வேளையில் கேட்க வேண்டும் என்பதையும் கட்டாயம் குறிப்பிடுவார். மற்றவர்கள் தட்டைத் தேடிப் பிடித்துக் கேட்டபின் கீழே தம் கருத்தை எழுதுவார்கள். கைப்பேசியில் இசையை அனுப்புவதும், அதில் தேடிக் கேட்பதும் எங்களுக்குள் தடை. கொப்பியில் எழுதியதை யாரும் வெட்டக்கூடாது என்பது இன்னொரு விதி. கருத்து மாறினால் கீழே சேர்க்கலாம், அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் என் தட்டுகளிலெல்லாம் மேலானதைப் பரிந்துரைத்தேன். சாக்ஸபோன், பியானோ, கனத்த தந்திகளுடைய பாஸ், டிரம்ஸ் என்று நால்வர் மட்டும் வாசிக்கும் தட்டு. "மாலை ஆறு மணிக்குக் கேட்க வேண்டியது. வீடு திரும்ப மனமில்லாத ஒருவர் கடலோரமாக நடப்பதைப் போல பாஸ் நடக்கிறது" என்று எழுதினேன். கொப்பி திரும்பி வந்தபோது அதன் கீழே வல்வெட்டித்துறைக் குலம் அண்ணையின் கையெழுத்து: "கேளாமல் எழுதியது. இது காலையில் துள்ளி ஓடுகிற தட்டு. உறையைப் பார்த்து எழுதியிருக்கிறா."

முப்பத்தொரு ஆண்டுகள் நூலகத்தில் வேலை செய்தவள் நான். வாசிக்காத புத்தகத்தை ஒருவருக்கும் கொடுத்து "நல்லது" என்று சொன்னதில்லை. அந்த வரிக்குப் பிறகு நான் கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை. அது வந்தால் வாசித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பினேன். அந்தத் தட்டை அவர் முன்னாலேயே ஓடவிட்டு, நான் கேட்டுத்தான் எழுதினேன் என்று காட்டவே இப்போது போய்க்கொண்டிருந்தேன்.

மதியம் பன்னிரண்டரைக்கு யாழ்ப்பாணம். அங்கிருந்து உடுவிலுக்கு ஓட்டோ, ஒன்பது கிலோமீற்றர், ஆயிரத்து இருநூறு ரூபாய். உடுவிலில் எங்கள் ஐவரில் ஒருவரான ரஞ்சி அக்கா இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. தட்டை ஓடவிட அவரிடமிருந்த இசைத்தட்டுப் பெட்டி பழுதாகி ஆறு மாதம். கறுத்தக் கொழும்பு மாம்பழம் வெட்டித் தந்தபடி அவர் கேட்டார்.

"குலம் பிழையெண்டு தெரிஞ்சாப் பிறகு என்ன செய்யப் போறீர்?"

"ஒண்டும் செய்யமாட்டன் அக்கா. அவர் கீழை ஒரு வரி எழுதினாக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

"அவர் சரியெண்டால்?"

மாம்பழத்தைத் தின்றேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு இருவரும் ஓட்டோவில் புறப்பட்டோம். போய்வர நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேச்சு. சுன்னாகம் தாண்டியதும் இருபுறமும் செம்மண், வெங்காயமும் மரவள்ளியும். புத்தூர், அச்சுவேலி கடந்து தொண்டைமானாற்றுப் பாலத்தில் ஏறியபோது நீரேரிக் காற்று பெட்டியைத் தூக்கப் பார்த்தது. நான் அதை நெஞ்சோடு அணைத்தேன். சாரதி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அம்மா, உது சாமிப் படமோ? சந்நிதிக் கோயிலடியிலை நிப்பாட்டட்டோ?"

"இல்லைத் தம்பி, பாட்டுத் தட்டு."

"ஆற்றை பாட்டு? ஆர் பாடினது?"

"பாட்டில்லை. வாத்தியம் மட்டும்."

"பாட்டில்லாத பாட்டுக்கோ உந்தப் பிடி பிடிக்கிறியள்!" என்று சிரித்தார். ரஞ்சி அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

வல்வெட்டித்துறையில் குலம் அண்ணையின் வீட்டு மேல்மாடியிலிருந்து கடல் தெரிகிறது. கரையில் நீல நிறப் படகுகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. குலம் அண்ணைக்கு எழுபத்து நான்கு வயது. சரக்குக் கப்பல்களில் மின் அதிகாரியாக இருந்தவர். துறைமுகம் துறைமுகமாகத் தட்டு வாங்கியவர். இடுப்பில் சாரமும் மேலே கைவைத்த பனியனுமாக வாசலில் நின்றார்.

"வாங்கோ, வாங்கோ. கேளாமல் எழுதுற ஆளும் வந்திருக்கிறா போலை."

"குலம், வாசலிலை வைச்சே தொடங்காதையும்," என்றார் ரஞ்சி அக்கா. "அவ கொழும்பிலையிருந்து வந்தவ. முதல் தேத்தண்ணி, பிறகு சண்டை."

தேநீர் முடிந்து மேல்மாடிக்கு ஏறப் பத்தேகால். நான் தட்டைச் சேலையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதன் நடுவட்டத்தில் 17 என்று பென்சிலால் எழுதியிருந்தேன்; எல்லாத் தட்டுக்கும் எண் போடுவது நூலகம் தந்த பழக்கம். அவர் அதைச் சுழலவிட்டு ஊசியை இறக்கினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தத் தட்டின் ஒவ்வொரு மூச்சும் எனக்குத் தெரியும்.

வந்தது எனக்குத் தெரியாத இசை. பாஸ் நடக்கவில்லை, பஸ்ஸைப் பிடிக்க ஓடியது. சாக்ஸபோன் அடித்தொண்டையில் முனகாமல், தெருவில் நண்பனைக் கண்டவர் போல உற்சாகமாகக் கூப்பிட்டது. மெட்டு அதேதான்; வளைவுகளும் அதே இடத்தில்தான். ஆனால் அறிந்த முகமொன்றில் வேறு யாரோ சிரிப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"இது என்ரை தட்டில்லை," என்றேன்.

"உங்கடை கையாலைதானே எடுத்துத் தந்தனீங்கள்?"

"ஓம் அண்ணை. ஆனால் இது அதில்லை."

அவர் ஊசியைத் தூக்கினார். நடுவட்டத்தில் 17, என் கையெழுத்து. அவர் தம்முடைய பிரதியைப் போட்டார், அதே ஓட்டம். திரும்ப என்னுடையதைப் போட்டார், அதுவும் அப்படியே. மூன்று முறை மாற்றிக் கேட்டோம்.

"ரெயினிலை வந்த வெக்கைக்குச் சுருங்கிப் போச்சோ?" என்றார் ரஞ்சி அக்கா. சிரிக்க வேண்டும் என்று தெரிந்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுகளாக என் வீட்டில் மாலையாக இருந்தது, இந்த மேல்மாடியில் காலையாகிவிட்டது. என் காது பிசகா, என் நினைவு பிசகா? உண்மையிலேயே கேளாமல்தான் எழுதினேனா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. குலம் அண்ணை வென்றவர் போல நடந்துகொள்ளவில்லை. அவருக்கும் ஏதோ போலிருந்திருக்க வேண்டும்; தட்டை உறையில் போட்டுவிட்டு, "சரி, சாப்பிட்டிட்டுக் கதைப்பம். உலை வைக்கப் போறன்," என்று எழுந்தார்.

ரஞ்சி அக்கா பேச்சை மாற்றுவதற்காக என்னிடம் கேட்டார், "நீர் தனியச் சமைக்கேக்கை அரிசி கரையாமல் எப்பிடிப் பாப்பீர்?"

"உந்தத் தட்டை வைச்சுத்தான். அரிசி போட்ட கையோடை முதல் பக்கத்தைப் போடுவன். பக்கம் முடியச் சோறு சரி. இருபத்து நாலு நிமிசம்."

குலம் அண்ணை படியில் நின்றுவிட்டார்.

"எத்தினை?"

"இருபத்து நாலு."

"என்ரையிலை முதல் பக்கம் இருபது. உங்கடை மணிக்கூடு பிழை."

"மணிக்கூடு பிழைச்சாலும் சோறு பிழைக்காது அண்ணை."

அவர் திரும்பி வந்து, பத்திரிகை ஓரத்தில் பென்சிலால் இருபது என்று எழுதி, கீழே இருபத்து நாலு என்று எழுதி, பக்கத்தில் ஐந்து, ஆறு என்று சுருக்கினார்.

"உங்கடை இசைத்தட்டுப் பெட்டி எங்கத்தையான்?"

"கனடா. தம்பி கப்பலிலை அனுப்பினவன். இஞ்சை ட்ரான்ஸ்போமர் வாங்கி வைச்சுத்தான் பாவிக்கிறன்."

"கோதாரி!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். "தங்கச்சி, ட்ரான்ஸ்போமர் வோல்டேஜைத்தான் குறைக்கும். கனடாவிலை கறன்ற் செக்கனுக்கு அறுபது தரம் துடிக்கும், இஞ்சை ஐம்பது. உந்தப் பழைய மோட்டருகள் துடிப்பை எண்ணித்தான் சுத்துறது. ஆறு சுத்துச் சுத்தவேண்டிய இடத்திலை உங்கடையது அஞ்சுதான் சுத்துது. கப்பலிலை அறுபது, கரையிலை ஐம்பது. என்ரை சீவியமே உதோடைதான் போனது. எனக்கு விளங்கேல்லைப் பாருங்கோ!"

"அப்ப அவ கேட்டுத்தான் எழுதினவ," என்றார் ரஞ்சி அக்கா.

"கேட்டுத்தான் எழுதினவ. ஆனால் உலகத்திலை ஒருத்தரும் வாசிக்காததைக் கேட்டிருக்கிறா."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலா என்று விளங்கவில்லை. ஒரு தட்டு மட்டுமா? வீட்டிலிருக்கும் நூற்றுப் பன்னிரண்டும் அந்தப் பெட்டியில் ஓடியவைதான். வானொலியில் எப்போதாவது ஜாஸ் கேட்கும்போது, இவர்கள் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். பாடகிகளின் தட்டுகளை நான் வாங்குவதேயில்லை. எல்லோருக்கும் சளித் தடிமன் பிடித்த ஆண்குரல் என்று ஒதுக்கியிருந்தேன். அந்தப் பெண்களிடம் நான் எப்படி மன்னிப்புக் கேட்பது?

பதினொன்றரை மணியளவில் குலம் அண்ணை என் தட்டைத் திரும்பவும் போட்டார். இம்முறை ஊசியை இறக்கியபின், வலது சுட்டுவிரல் நுனியைச் சுழலும் மேடையின் ஓரத்தில் மெல்ல வைத்தார். இசை தள்ளாடியது, குழைந்தது, கீழே இறங்கியது. "காணுமோ?" என்றார். "இன்னும் கொஞ்சம்," என்றேன். விரலைச் சற்று அழுத்தினார். சாக்ஸபோன் அடித்தொண்டைக்கு வந்தது. பாஸ் ஓட்டத்தை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கியது. அங்கங்கே கால் இடறினாலும் நடை அதேதான்.

"ஓம். இதுதான்," என்றேன்.

அவர் விரலை எடுக்கவில்லை. குனிந்தபடி முதல் இசைக்கோவை முடியும்வரை, ஏழெட்டு நிமிடம், அப்படியே நின்றார். முடிந்ததும் அவர் சிவந்திருந்த விரலை உதறிக்கொண்டு கடலைப் பார்த்தார்.

"வீட்டை போக மனமில்லாத ஆள்தான்," என்றார். "கப்பலாலை இறங்கின முதல் கிழமை நானும் இந்தக் கரையிலை இப்பிடித்தான் நடந்தனான்."

பிறகு அலுமாரியைத் திறந்து, அப்போது அவரிடம் வந்திருந்த கொப்பியை எடுத்தார். பழைய வரியை வெட்ட முடியாது, அது விதி. அதன் கீழே எழுதி என் பக்கம் திருப்பினார். "கேட்டு எழுதியது. இருபத்து நான்கு நிமிடத்தில் கேட்டால் மாலை. இருபதில் கேட்டால் காலை. நான் இரண்டையும் கேட்டேன்."

அதற்குத்தான் வந்தேன், கிடைத்துவிட்டது. ஆனாலும் மீன் குழம்பும் சோறும் தின்றபோது ஏதோ ஒன்றைத் தொலைத்தவள் போலவே இருந்தேன். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. "உம்மடை தட்டு ஓடேல்லை, அதுதான்," என்றார் ரஞ்சி அக்கா.

புறப்படும்போது குலம் அண்ணை வாசல்வரை வந்தார். "மோட்டரிலை இருக்கிற சின்னக் கப்பியின்ரை விட்டத்தை அளந்து எழுதுங்கோ தங்கச்சி. அதுக்கு மேலை போட ஒரு பித்தளை வளையம் கடைஞ்சு அனுப்புறன். கப்பி பருத்தால் சரியான வேகத்துக்கு வந்திடும்."

"பாத்து எழுதுறன் அண்ணை."

ஞாயிறு காலை ரெயிலில் கொழும்பு திரும்பினேன். தட்டு மடியிலேயே வந்தது. வெள்ளவத்தையில் என் தொடர்மாடி வீட்டிலிருந்தும் கடல் தெரியும்; ஆனால் அது மேற்குக் கடல், சூரியன் அதில் மறைவது மட்டுமே தெரியும். இந்தத் தட்டு எனக்கு ஏன் மாலையாகவே இருந்தது என்பதற்கு மோட்டர் மட்டும்தான் காரணமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அரிசியைப் போட்டு, தட்டையும் போட்டேன். பாஸ் நடந்தது. பிழையென்று தெரிந்து கேட்டும் அது பிழையாகக் கேட்கவில்லை. ஆனால் இந்தமுறை, அதற்குள் எங்கோ ஒரு காலை துள்ளிக்கொண்டு இருப்பதும் கேட்டது. பக்கம் முடிந்தபோது சோறு சரியாக வெந்திருந்தது.

அடுத்த நாள் பெட்டியின் மூடியைக் கழற்றி, கப்பியை நூலால் சுற்றி அளந்து, விட்டத்தைக் கணக்கிட்டேன். குலம் அண்ணைக்கு ஒரு தபாலட்டையில் விட்டத்தை எழுதி, அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்:

"வளையத்தை இறுக்கமாகச் செய்ய வேண்டாம், அண்ணை. கழற்றிக் கழற்றிப் போடக்கூடியதாகச் செய்யுங்கள்."