பூட்டுப் போட்ட வயிறு

எனக்கு அறுபத்தேழு வயது. பெற்று வளர்த்தது ஆறு பிள்ளைகள். படித்தது இரண்டாம் வகுப்பு. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்கிறீர்களா? போன செவ்வாய்க்கிழமை எனக்கு எழுத்துத் தெரியாததால்தான் ஒரு மனிதருடைய தொழில் தப்பியது!

இத்தாலியில், பலெர்மோ நகரின் லிபெர்த்தா வீதியில் ஒரு போலந்துக்காரர் வீட்டில் சமைக்கிறேன். எல்லோரும் அவரை மாயெஸ்ட்ரோ, அதாவது ஆசான், என்பார்கள். சுவரொட்டி வரைகிறவர். வார்சோவில் நாற்பது வருடமாக நாடகம், சர்க்கஸ், சினிமா... எதற்கும் அவர் வரைந்த படம்தான் சுவரில் நிற்குமாம். பரிசு வாங்கிய படங்கள் குளியலறையில்கூடத் தொங்குகின்றன. தூசி துடைக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா?

பிறகு அங்கே ஆட்சி மாறியது. வெளிநாட்டு நடிகர்களின் போட்டோக்கள் வந்து சுவர்களைப் பிடித்துக்கொண்டன. வேலை இல்லை. மகள் பலெர்மோவில் கலியாணம் கட்டியிருந்ததால் இங்கே வந்துவிட்டார். வந்தும் மூன்று வருடம் சும்மாதான் இருந்தார்.

இப்போதுதான் ஒரு நாடகக் குழு அவரிடம் சுவரொட்டி கேட்டது. என்ன நாடகம் என்று நான் கேட்கவில்லை. செவ்வாய் காலை கோப்பி குடிக்கும்போது சொன்னார்: "மரியா, இதுவும் சரிவராட்டில் தூரிகையை இனித் தொடமாட்டன்."

பத்து மணிக்கு நாடகத்தை இயக்குகிற அம்மா, சின்யோரா, வந்தார். அவர்கள் கதைத்த இத்தாலி மொழியை என் தமிழில் தருகிறேன்.

"மாயெஸ்ட்ரோ, காலம் மாறிப்போச்சு. நடிகரின்ரை போட்டோவைப் போடுவம். உங்கடை கீறல் ஆருக்கு விளங்கும்?"

மாயெஸ்ட்ரோவின் முகம் செத்துப்போனது. பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "மரியா, ஒருக்கா வாங்கோ!" என்றார்.

"கையிலை மீன் நாறுது, சின்யோரே."

"பரவாயில்லை, வாங்கோ." மேசையில் விரித்திருந்த சுவரொட்டிப் படத்தின் எழுத்துகளை உள்ளங்கையால் மறைத்தார்.

"ஏன் மறைக்கிறியள்? மறைக்காட்டிலும் எனக்குத் தெரியாதுதானே!"

படத்தில் ஒரு தடித்த மனிதன். வயிறு இருக்கவேண்டிய இடத்தில் அலுமாரி. தொப்புளில் பூட்டு. திறப்பு, அதுதான் சாவி, அவன் பல்லுக்கிடையில்.

பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. "இந்த வீட்டிலை நான் வேலை செய்திருக்கிறன்!"

"எந்த வீடு?" என்றார் சின்யோரா.

"சீனிப் போத்தலையும் பூட்டி வைக்கிற வீடு. பாவம், இந்தாளும் பட்டினிதான். சாப்பிட வாயைத் திறந்தால் திறப்பு விழுந்திடுமே!"

சின்யோரா கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாடகம் ஒரு கஞ்சத் தகப்பனைப் பற்றியதாம்! "ஓம் மாயெஸ்ட்ரோ, இதையே அச்சுக்கு அனுப்புங்கோ."

அவர் போன பிறகு மாயெஸ்ட்ரோ குனிந்து, மீன் நாறுகிற என் கையை முத்தமிட்டார். அவர்கள் நாட்டு மரியாதை அது. ராணிக்கு மட்டும்தான் அப்படிச் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன்!

நேற்று வியா மக்வேதா வீதிச் சுவர் முழுக்க அந்த வயிறுதான். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே போனேன். மீன்கூடையோடு வந்த ஒருவன் நின்று பார்த்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போனான். மற்றவர்களுக்கு விளங்காது என்று படித்தவர்களுக்கு ஏன் இவ்வளவு பயம்?

பேத்தி ஜெனி, இஞ்சை வா. பாட்டி சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. சீனிப் போத்தல் வாற இடத்தை நல்லா உரத்து வாசி... பயப்பிடாதை, அந்த வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது!