‘இரு’ என்றால் இருக்காத நாய்

தோட்டவெளி நாய்ப் போட்டிக்கு நடுவராக நின்றவருக்குத் தமிழ் தெரியாது. அவர் மன்னார் டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தமிழர்தான். பரிசுக்குக் கைபிடி வைத்த பிளாஸ்டிக் கதிரை ஒன்று கொடுத்தார். அதனால் ஒலிவாங்கியும் அவர் கைக்குப் போனது.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வவுனியாவில் பஸ் ஏறினேன். நாய்களுக்குப் போட்டி என்று கேள்விப்பட்ட பிறகு பார்க்காமல் விட மனம் வரவில்லை. முருங்கன் பக்கம் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல்கள் பச்சையாகக் கிடந்தன. பாலம் கடந்து மன்னார்த் தீவுக்குள் இறங்கியதும் முதலில் கண்டது கழுதைகளை. தோட்டவெளிக்கு ஆட்டோ அறுநூறு ரூபா. அதிகம் என்றேன். குறைக்கவில்லை.

“நாய் பாக்கவோ வவுனியாவில இருந்து வாறியள்? அங்க நாய் இல்லையோ?” என்றார் ஓட்டுநர்.

“நாய் இருக்கு. போட்டி இல்லை.”

“அப்ப கழுதைக்கும் ஒண்டு வைக்கச் சொல்லுங்கோ. இங்க அதுகள்தான் கூட.”

பத்து மணிக்கு மைதானம் நிறைந்துவிட்டது. நீளமான வாலுக்கு ஒரு போட்டி. தையல்காரர் ஒருவர் நாடாவோடு வாலுக்குப் பின்னால் ஓடினார். வளர்ப்பவரின் முகச்சாயல் உள்ள நாய்க்கு இன்னொன்று. வென்றவருக்கு மகிழ்வதா என்று தெரியவில்லை. கடைசியாக, கதிரைக்கான போட்டி: சொல் கேட்கும் நாய். நடுவர் வா, இரு, படு என்று சொல்ல, வளர்ப்பவர் அதை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

“இரு” என்றதும் மற்ற நாய்கள் ஒருவழியாகக் குந்தின. ஸ்டெல்லா என்ற இளம்பெண்ணின் நாய் மணி மட்டும் நாலு காலில் அசையாமல் நின்றது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, உம்மட நாய் நிக்குது” என்றார் நடுவர்.

“ஆமாங்க, நிக்குது” என்றாள் பெருமையாக.

நடுவர் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். “இந்தியாவால வந்தவையின்ர நாய். தமிழ் விளங்காது.” சனம் சிரித்தது. அவள் சிரிப்பு நின்றது.

அப்போது இரண்டு கழுதைகள் மைதானத்துக்குள் வந்தன. குந்தியிருந்த நாய்கள் எல்லாம் கயிறும் ஆளுமாகப் பாய்ந்தன. நடுவர் பரிசுக் கதிரையில் ஏறி நின்றார். மணி நின்ற இடத்திலேயே நின்றது. காது மட்டும் ஆடியது. கடைசியில், துரத்தப் போய் முதலில் திரும்பி வந்த நாய்க்குக் கதிரையைக் கொடுத்தார்கள்.

எங்களுக்கு ‘இரு’ என்றால் உட்காருவதுதான்; மணி ஏன் நின்றது என்று எனக்கு விளங்கவில்லை. அவளிடமே கேட்டேன்.

“இருன்னா வெயிட் பண்ணுன்னுதானே அண்ணே? நான் பொறந்து வளந்தது தமிழ்நாட்டு அகதி முகாம்ல. அங்க அப்படித்தான். மணி, உக்காரு.”

மணி உடனே குந்தியது.

“அங்க எங்களச் சிலோன்காரங்கன்னாங்க. இங்க இந்தியாக்காரி. மணி இங்க பக்கத்துல பேசாலைல பொறந்தது. அதையாவது இந்த ஊர் நாய்னு மைக்ல சொல்வாங்கன்னு கூட்டிட்டு வந்தேன்.”

நடுவரிடம் போனேன். “அண்ணை, அந்த நாய் சொல் கேட்டது. அதை மைக்கில சொல்லுங்கோ.”

“நாய்க்கு வழக்குப் பேச வந்தனீங்களோ? பகிடிதானே. போய்ச் சோடா குடியுங்கோ.”

நான் குடிக்கவில்லை. இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் தெருவிலும் முகாமிலிருந்து திரும்பிய குடும்பம் ஒன்று தேநீர்க்கடை வைத்திருக்கிறது. “உக்காருங்க” என்பார்கள், நாங்கள் இருப்போம். “கொஞ்சம் இருங்க” என்பார்கள்; காத்து நிற்போம். இதுவரை ஒருவரும் தடுமாறியதில்லை.

நடுவரே, கழுதை வந்தபோதும் சொன்ன சொல்லை விடாமல் நின்றது எந்த நாய்? அது எந்த ஊர் நாய்? அதே மைதானத்தில், அதே ஒலிவாங்கியில், ஸ்டெல்லாவுக்குக் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். இந்த முறை கதிரையில் ஏறாமல், நிலத்தில் நின்று சொல்லுங்கள்.